மஞ்சள் பூசிய ஒட்டு

என் நாத்தனார் எழிலரசி சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். முடி மாதிரி ஒரு கண்ணாடி இழையில் ரெசின் பசையில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு, மெஷினில் பிடித்து இழுப்பாளாம். இழை உருவிக்கொண்டு வந்தால் பிடிப்பு சரியில்லை. அறுந்தால் நல்ல பிடிப்பு. "அறுக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று கிண்டல் செய்வேன்.

இந்தத் தடவை அவள் வந்தபோது கிண்டல் வரவில்லை. கடலூர் முகத்துவாரத்துக் கல்லில் மோதி எங்கள் பைபர் படகின் அடிப்பக்கம் விரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அன்பரசு கண்ணாடி இழையில் செய்த மேட்டை வைத்து, ரெசின் பூசி ஒட்டினார். கரை தாண்டுவதற்குள் ஒட்டு பிய்ந்தது. மறுபடி ஒட்டினார். அதுவும் பிய்ந்து, மனுஷன் நீந்தித்தான் வீடு வந்தார்; படகை மற்றவர்கள் கட்டி இழுத்து வந்தார்கள்.

"இனிமே இந்தப் படகுல போனீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

சிப்காட்டில் வேலை கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். கடலைப் பார்க்காமல் ஒரு வாரம் தாங்க மாட்டார், எனக்குத் தெரியும்.

லீவுக்கு எழிலரசி வந்தாள். ரெசின் விற்ற கடைக்காரனை நான் திட்டித் தீர்த்துக்கொண்டிருக்க, அவள் படகில் பிய்ந்து தொங்கிய ஒட்டைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் வழவழவென்று மஞ்சளாக இருந்தது.

"அண்ணி, இதுல என்னா பூசினீங்க?"

"நல்லெண்ணெயில மஞ்சள் கொழைச்சி வெச்சேன். அடிபட்ட எடமில்ல? சாமி கும்புட்டுதான் ஒட்டுனாரு."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டாந்தடவ கொஞ்சம் ஜாஸ்தியாவே."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எண்ணெ மேல ரெசின் பிடிக்காது அண்ணி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பத்திரமாக வரட்டும் என்று பூசியதுதான் அவரைத் தண்ணீரில் தள்ளியிருக்கிறது. அழுதே விட்டேன்.

அண்ணனும் தங்கையும் எண்ணெய் போகத் தேய்த்து, தின்னரில் துடைத்து, புதிதாக ஒட்டினார்கள். பக்கத்திலேயே சோதனைக்கு ஒரு மேட் துண்டு, ஒரு முனையை ஒட்டாமல் விட்டு. நன்றாகக் காய்ந்ததும், "இழுண்ணே" என்றாள்.

அவர் காலை ஊன்றி இழுத்தார். துண்டு நடுவில் கிழிந்தது. ஒட்டிய பாதி படகை விட்டு அசையவில்லை. ஓரத்தில் அறுந்த இழைகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன.

"அறுந்துடுச்சி" என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக நான் சொன்னதே இல்லை.

அவர் கடலுக்குக் கிளம்பும்போது மஞ்சள் கிண்ணத்தோடு போய் நின்றேன். "இப்ப வைக்கலாமா எழிலு?"

"இப்ப எவ்ளோ வேணாலும் வைங்க அண்ணி."

காய்ந்த ஒட்டின் மேல் கை நிறையப் பூசினேன்.

மதியம் படகு வந்தது. ஏறி உள்ளே தடவிப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊறாமல் காய்ந்து கிடந்தது. என்ன மீன் என்று பிறகுதான் கேட்டேன்.