தலை எண்ணும் நாள்

எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் லட்சியம் எழுதியது நான்தான். கையெழுத்து அழகாக இருந்தால் வந்து சேரும் வினை அது. எழுபத்து நான்காம் வருஷம் ஜனவரியில் உபஜில்லாக் கல்வி ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் லட்சியத்தை ஒரே வரியில், ரோட்டில் போகிறவர்கள் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டுமாம். ஹெட்மாஸ்டருக்குத் தமிழ் எழுத வராது. ஜானகி டீச்சரே நல்லதாக ஏதாவது போடட்டும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் மேஜை மேல் ஏறி நின்று நீலச் சாயத்தில் எழுதினேன்: ‘இந்த ஊரில் ஒரு குழந்தையும் படிப்பை விட்டுப் போகாது.’ எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. பைத்தியக்காரி.

சுவரில் இருந்தது அந்த வரி. பள்ளிக்கூடம் ஓடியது வேறொன்றால். ஜூன் மாதம் பள்ளி திறந்த ஆறாவது நாள் அதிகாரி வந்து வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளின் தலையை எண்ணுவார். தலை குறைந்தால் பிரிவு போகும். பிரிவு போனால் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். மலையாள எல்லையில் எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் வாத்தியார் வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த நாளை மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் தமிழ்ப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவள் நான். ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை.

மார்ச்சில் நாலாம் வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் வந்து, அடுத்த வருஷம் நாலாம் வகுப்புத் தமிழில் ஒரு தலை குறைகிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். மற்றதை நான் செய்தேன். பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று எத்தனையோ தடவை பார்த்தேன், முடியவில்லை.

ஒரு பிள்ளையைப் பாஸ் போடாமல் நாலிலேயே நிறுத்தினால் தலை சரியாகிவிடும். யாரை நிறுத்துவது? இழுத்துப் பறித்துப் பாஸானவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் தென்னந்தோப்புக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். நிறுத்தினால் மறுநாளே பெரியப்பன் சித்தப்பன் எல்லாரும் வந்து ஏன் என்று கேட்பார்கள். கமலாத்தாளுக்காக யாரும் வரமாட்டார்கள். அவள் அப்பன் காளிச்சாமி கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன். அவள் கணக்கில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று வாங்கியிருந்தாள், வகுப்பிலேயே அவள்தான் முதல். நான் பதினான்கு என்று போட்டேன். ஒரு வருஷம்தானே, முன்வரிசையில் உட்கார வைத்து நானே பார்த்துக்கொள்வேன், இன்னும் நன்றாகப் படிப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

வரமாட்டான் என்று நினைத்த காளிச்சாமி ஜூன் முதல் நாளே வந்துவிட்டான். சண்டைக்கு அல்ல. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான், தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான். கொழிஞ்சாம்பாறையில் அஞ்சாம் வகுப்புக்குச் சேர்க்க மச்சான் வீட்டில் சொல்லிவைத்திருந்தானாம்.

“ஏனுங்க டீச்சர், எம்புள்ளைக்கு எதுலீங்க போச்சு?”

கணக்கில் என்றேன்.

“கணக்குலீங்களா? கெணத்துக்கு எத்தன மொழம் கவுறு வேணுமின்னு எனக்கே அவதானுங்க சொல்லுவா.” மகளைத் திரும்பிப் பார்த்தான். “நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்.”

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். அவனுக்குப் பின்னால் கமலாத்தாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தினமும் அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அனுப்பினான். ஆறாம் நாள் அதிகாரி வந்தார், பெஞ்சு பெஞ்சாகத் தலையைத் தொட்டு எண்ணினார். கமலாத்தாள் தலையையும் தொட்டார். எண்ணிக்கை சரியாக இருந்தது. போகும்போது சுவரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அருமையான வரி என்றார். என் வேலை நிலைத்தது.

ஏழாம் நாள் அவள் வரவில்லை. எட்டாம் நாளும் இல்லை. பத்து நாள் பொறுத்து நானே தேடிப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன், சத்தியமாக. வேலை போனால் போகட்டும் என்றுகூட வழியில் நினைத்தேன்.

மழை பெய்த காட்டில் கடலை விதைத்துக்கொண்டிருந்தார்கள். காளிச்சாமி ஏர் ஓட்ட, பின்னாலேயே கமலாத்தாள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உழுத சாலில் விதை போட்டு வந்தாள். வரப்பில் நின்ற என்னை அவள் பார்க்கவில்லை. கூடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்து, “அப்பா, இருக்கற வெதைக்கு இன்னும் ஒம்பது சால்தான் வரும்” என்றாள். நான் அங்கேயே நின்று எண்ணினேன். ஒன்பதாவது சாலின் கடைசியில் கூடை காலியானது.

அப்போதுதான் என்னைக் கண்டு ஓடிவந்தாள். கையெல்லாம் செம்மண். ஏனம்மா வரவில்லை என்றேன்.

“எனக்குக் கணக்கு வராதுங்களே, டீச்சர்” என்றாள். அழவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள்.

வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். வரும் என்றால் அந்தப் பதினான்கு எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். சால் முனையில் காளிச்சாமி மாட்டைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்வதைக் கேட்கக் காத்து நின்றான். ஈரத்தில் ரொம்ப நேரம் நிற்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். பாவி நான், அதைத்தான் சொன்னேன்.

எண்ணிய தலை குறையக் கூடாது என்பதால் அந்த வருஷம் முழுக்க அவள் பெயருக்கு நேரே, வந்தாள் என்றே ஆஜர் போட்டேன். மார்ச்சில் அவளைப் பாஸ் போட்டேன். கணக்கில் நாற்பத்தொன்று.