கயிறு பிடித்தவள்

கத்தரீனா தன் புருசன் சூசைதாசனின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது குளக்கட்டில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆட்டை மேய விடுகிறாளோ என்று ஒருத்தி கேட்டது இவளுக்கும் கேட்டது. சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களின் புருசன்மாருக்கெல்லாம் காது கேட்கும். சூசைதாசனும் கூடச் சிரித்தான். மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரித்து வைப்பது அவனுக்குப் பழகிவிட்டது. அவள் முடிச்சு இறுகியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கயிற்றின் மற்ற முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

குருநகரில் இருந்தவரைக்கும் சூசைதாசன் சங்கு குளித்தவன். மீசை அரும்பிய வயதில் கடலுக்குள் இறங்கியவன், தலை நரைக்க முன்னமே இரண்டு காதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டான். ஒரு நாள் காதால் இரத்தம் வந்தது, பிறகு சத்தம் வருவது நின்றுபோனது. அதனால் தொழில் ஒன்றும் போகவில்லை. தண்ணீருக்குள் எவனுக்கும் காது தேவையில்லை. தொழில் போனது தொண்ணூறாம் ஆண்டில், கடலுக்குப் போகக் கூடாதென்று தடை வந்து, ஷெல்லும் விழத் தொடங்கியபோதுதான். இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தவர்கள் உடுப்பிட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், வாங்கு மேசைகளை அடுக்கிச் சீலையால் மறைப்புக் கட்டிக் குடியிருந்தார்கள். அரிசி, மா, பருப்பு, சீனி எல்லாமே நிவாரணம். அதை நம்பிக் கிடந்தவர்களுக்குப் புரட்டாதியில் ஒரு புதுச் சட்டம் வந்தது. நிவாரண அட்டை உள்ள ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர், மாரிக்கு முன்னம் குளம் தோண்ட வரவேண்டும். வராத குடும்பத்துக்கு அடுத்த பங்கு கிடையாது.

கத்தரீனா நிவாரணக் குழுத் தலைவர் சோமசேகரத்திடம் போய் நின்றாள். ஓய்வு பெற்ற தபாலதிபர், பொல்லாத மனுசன் இல்லை. "அவருக்குக் காது கேளாது ஐயா. ஆமியின்ரை ஹெலி வந்தாலும் தெரியாது. அவருக்குப் பதிலா நான் வாறன்" என்றாள். வயது போனவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், டொக்டரின் துண்டு உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் விலக்கு என்றார் அவர். ஆம்பிளை உள்ள வீட்டிலிருந்து ஆம்பிளைதான் தோண்ட வரவேண்டும், ஒருவரை விட்டால் விடிந்ததும் எல்லோரும் வாசலில் நிற்பார்கள் என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்பிடாதை பிள்ளை. அவரை நடுக் கிடங்குக்குள்ளை விடுறன். ஆளுயரத்துக்கு மேலை ஆழம். அதுக்குள்ளை நிண்டால் பங்கருக்குள்ளை நிண்ட மாதிரி."

அவளுடைய பயம் அந்தப் பேச்சுக்கு அடங்குகிற பயமாக இல்லை. போன கிழமைதான் மிளகாய்த் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற ஒருவரை ஹெலி சுட்டது. கூட நின்று, சத்தம் கேட்டதும் விழுந்து படுத்தவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. சூசைதாசன் தண்ணீர் குடிக்கவென்று மேலே ஏறினால்? கால் உளைகிறதென்று குளக்கட்டில் வந்து நின்றால்? சோறு வடிக்கும்போதும் பிள்ளைகளுக்குத் தலை வாரும்போதும் அவளுக்கு இதே நினைப்புத்தான். அப்போதுதான் சங்கு குளிக்கிற கயிறு ஞாபகத்துக்கு வந்தது. அவன் அடியில் இருக்க, வள்ளத்தில் ஒருவன் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு. பின்னேரம் அவனுக்கு எதிரே குந்தியிருந்து, வானத்தைக் காட்டி, ஹெலி மாதிரிக் கையைச் சுழற்றி, கயிற்றைச் சுண்டிக் காட்டினாள். இதெல்லாம் எனக்குச் சொல்லித் தரவேண்டுமா என்பதுபோல் அவன் தலையாட்டினான். "ஓம் ஓம், விளங்குது" என்று வகுப்பறை முழுக்கக் கேட்கச் சொன்னான்.

சோமசேகரம் வாக்குத் தவறவில்லை. அவனை நடுக் கிடங்குக்குள்தான் இறக்கினார். குளக்கட்டில் இருந்த மருதமரத்துக்குக் கீழே உட்கார்ந்த கத்தரீனாவுக்கு அவன் தெரியவில்லை, அவன் எறிகிற மண் மட்டும் தெரிந்தது. அவன் மண்வெட்டியை ஓங்கும்போதெல்லாம் கயிறு அவள் உள்ளங்கையில் மெல்ல அசைந்தது. அந்த அசைவில்தான் அவளுக்கு மூச்சு வந்துகொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. பெண்கள் சிரிப்பதை விட்டுவிட்டு மண் சுமக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஹெலிச் சத்தம் வந்தது. "படுங்கோ, ஒருத்தரும் ஓடாதேங்கோ" என்று சோமசேகரம் சொல்லிவிட்டுத் தானும் விழுந்து படுத்தார். மண் சுமந்த கடகங்கள் உருண்டன. நின்ற இடத்திலேயே எல்லோரும் குப்புறக் கிடந்தார்கள். கத்தரீனா கயிற்றை இழுத்தாள்.

மண் எறிவது நின்றது. மாதாவே, விளங்கிக்கொண்டார் என்று நினைத்தாள். அடுத்த கணம் கிடங்கின் விளிம்பில் இரண்டு கைகள் தெரிந்தன. பிறகு தலை. வேண்டாம், கீழே இரு என்று பதறிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தாள். அவன் இன்னும் கெதியாக ஏறினான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை வருசமும் அவன் இடுப்புக் கயிறு சுண்டினால் ஒரே அர்த்தம்தான்: ஆபத்து, மேலே வா. கீழேயே இரு என்று சொல்கிற கயிறு கடலில் இல்லை. வானத்தைக் காட்டிக் கயிற்றைச் சுண்டி அவளும் அதையேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சங்கு குளிக்கிறவனுக்கு மகளாய்ப் பிறந்து, சங்கு குளிக்கிறவனுக்கே வாழ்க்கைப்பட்டவளுக்கு இது தெரியாமல் போனது. பயம் அவள் புத்தியைத் தின்றுவிட்டது.

சூசைதாசன் மேலே வந்து நிமிர்ந்து நின்றான். இடுப்புவரை சேறு. தண்ணீருக்கு மேல் வந்தவன்போல வாயைத் திறந்து பெரிதாக ஒரு மூச்சு எடுத்தான். குளம் முழுக்க முதுகுகளாகக் கிடக்க, அவன் ஒருவன்தான் நின்றான். கத்தரீனா கயிற்றை விட்டுவிட்டு மரத்தடியிலிருந்து வெளியே ஓடினாள். கேளாது என்று தெரிந்தும் "படுங்கோ, படுங்கோ" என்று கத்தினாள். இரண்டு கைகளையும் கீழே கீழே அமுக்கிக் காட்டிக்கொண்டு ஓடினாள்.

அவன் அவளைக் கண்டு சிரித்தான்.

"என்ன கத்தரீனா, நிவாரணச் சாமான் குடுக்கினமோ?"

குளக்கட்டிலிருந்து ஒரு நிழல் இறங்கி, படுத்துக் கிடந்தவர்களின் முதுகுகளின் மேலாக ஓடி வந்தது. சூசைதாசன் அதைக் கண்டான். சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, அண்ணாந்து பார்த்தான்.