மஸ்டரில் இல்லாதவள்

பகுதி நேர முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தபோது என்னிடம் எல்லாம் இருந்தது. அஞ்சல் வழியில் படித்து வாங்கிய சமூகவியல் எம்.ஏ., போதுமான மதிப்பெண், எழுதி முடித்த ஆய்வுத் திட்டம். வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் மட்டும்தான் இல்லை. வேலையை விட்டுவிட்டு முழு நேரம் படிக்க எனக்கு வசதி கிடையாது. கடிதம் இல்லையென்றால் படிப்பும் இல்லை.

திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஏழு வருடமாகச் சரவெடி பின்னுகிறேன். ஆனால் அங்கே என் பெயர் பஞ்சம்மாள். அது என் சித்தியின் பெயர். 1999இல் அவள் கல்யாணமாகிக் காரியாபட்டிக்குப் போனதும் அவள் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். புது ஆள் என்றால் புதுக் காகிதம், புதுத் தொல்லை என்று மஸ்டர் பதிவேட்டில் பழைய பெயரையே விட்டுவிட்டார்கள். என் வரிசையில் மட்டும் நாலு பேர் இப்படி அடுத்தவர் பெயரில் பின்னிக்கொண்டிருந்தோம்.

மேனேஜர் சீனிவாசகத்திடம் சண்முகத்தாய் என்ற என் சொந்தப் பெயரில் கடிதம் கேட்டேன்.

"சண்முகத்தாயா? இங்கன அப்படி யாரு வேலை பாக்கா?" என்றார். சிரிப்பு வேறு. "மஸ்டர்ல அந்தப் பேரே இல்லையே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தீபாவளி சீசனில் என் தலைக்கு மேல் நின்று, வேகமாகப் பின்னச் சொல்லிக் கத்தியதும் இதே வாய்தான்.

"சரி அண்ணாச்சி. இல்லைன்னே எழுதிக் குடுங்க."

கொஞ்சம் யோசித்தார். நாளைக்கு எனக்குக் கைகால் போனால் இந்தக் காகிதத்தைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைத்திருப்பார். லெட்டர்பேடில் டைப் அடித்து, சீல் வைத்து, நகல் ஒன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு கொடுத்தார். 'சண்முகத்தாய் என்பவர் எங்கள் நிறுவனத்தில் பணிபுரியவில்லை. அவர் ஆய்வு செய்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.'

விண்ணப்பத்தில் தொடர்பு முகவரியாகக் கம்பெனி முகவரியையே எழுதினேன். வீம்புக்குத்தான்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். "நீங்க அங்கே வேலை பாக்கலைன்னு இதுல இருக்கே?" என்றார் ஒருவர்.

இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தேன். திரி மருந்தின் கருப்பு நகக்கண்ணில் ஏறி நாளாகியிருந்தது.

"பதிவேட்டில் இல்லாத பட்டாசுத் தொழிலாளர்கள். அதாங்கய்யா என் தலைப்பு."

நடுவில் இருந்த பேராசிரியை கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இதைப் பத்திரமா வச்சுக்கோங்க. ஆய்வுல முதல் பின்னிணைப்பு இதுதான்," என்றார். வேலை பற்றி நானே ஓர் உறுதிமொழி எழுதித் தரச் சொன்னார்கள். இடம் கிடைத்தால் பதிவுத் தபால் வரும், பத்து நாளுக்குள் வந்து சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் தபால்காரர் பாலகுரு கம்பெனி வாசலில் நின்றார். "சண்முகத்தாய்னு யாரு?"

"அப்படி யாரும் இல்லையே," என்றார் வாட்ச்மேன். உள்ளிருந்து வந்த சீனிவாசகம், "ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்புங்க," என்றார்.

நான் பின்னுகிற இடம் வரைக்கும் எல்லாம் காதில் விழுந்தது. பாலகுரு சைக்கிளைத் திருப்பினார். பட்டாசுக் கம்பெனிக்குள் ஓடக் கூடாது. நடந்து போய்ச் சேர்வதற்குள் தபால் போய்விடும். எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"நில்லுங்கண்ணே! சண்முகத்தாய் நாந்தேன்!"

பின்னிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. வாசலில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டி, என் பெயரைப் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உறையைக் கிழித்தேன். இடம் கிடைத்துவிட்டது.

சீனிவாசகத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏ பஞ்சம்மா, நாளையில இருந்து வேலைக்கு வராத!"

"பஞ்சம்மா காரியாபட்டியில இருக்காக அண்ணாச்சி, ஆள் விட்டுச் சொல்லிருங்க. சண்முகத்தாயை நிப்பாட்டணும்னா, மொதல்ல அவளை வேலைக்குச் சேத்ததா எழுதுங்க."

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். பாதியில் விட்ட சரத்தை எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன்.