கட்சி மாறிய புதன்கிழமை

வகுப்புப் பலகையில் ‘ஆதரவு’ என்பதற்குக் கீழே தன்னை ‘அக்கா’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த தாளை அவசரமாகப் பார்த்தாள். ஒரு பக்கம் நிறைய எதிர்ப்பு அல்லவா எழுதி வந்திருந்தாள்! யார் எந்தப் பக்கம் என்ற அட்டவணையில் வரி மாறிப் பார்த்துத் தொலைத்திருக்கிறாள்.

மருத்துவமனை ஒன்றில் பத்து வருடம் நெட்வொர்க் கேபிள் இழுத்துவிட்டு முதுகலை படிக்க வந்தவள் அவள். கூடப் படிக்கும் எட்டுப் பேருக்கும் அக்கா. பாடம் நடத்தும் மேடமே நான்கு வயது இளையவர். முதல் நாளே ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டார். வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை. முந்தின நாளே ஒரு பக்க விமர்சனம் வந்து சேர வேண்டும். வகுப்பில் ஒருவர் கட்டுரைக்காக வாதாட வேண்டும், இன்னொருவர் கிழிக்க வேண்டும். பேச்சுக்குப் பாதி மதிப்பெண். படிப்பதில் அக்கா புலி. பேச்சில்தான், ஐந்து வாரமாக வாயைத் திறக்கவில்லை. இன்றும் விட்டால் பாடம் போய்விடும், பாடம் போனால் மருத்துவமனை படிப்பு விடுப்பை நிறுத்திவிடும்.

பக்கம் மாறி எழுதி வந்ததை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டு மேடம் சிரித்தார்.

“ரெண்டு பேரும் எதிர்ப்புன்னா, பாவம், எழுதினவங்களுக்கு யாரு இருக்கா? பரவாயில்ல, இப்படியே பேசிப் பாருங்க.”

கட்டுரை சொன்னது எளிய சங்கதி. பல கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பித் தகவல்கள் மோதிக்கொண்டால், ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய அளவு நேரம் ஒதுங்கி நின்று மறுபடி அனுப்பட்டும். “காத்திருக்கிறது வீண்” என்று எதிர்ப்புப் பக்கம் பேச வேண்டிய தாடிக்கார மாணவன் ஆரம்பித்தான். அவள் தாளிலும் முதல் வரி அதுதான். தாளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே சிரிப்பு வந்தது. மருத்துவமனையில் மின்சாரம் போய் வந்த ஒரு காலைப்பொழுதில் இருநூறு கணினிகளும் ஒன்றாக விழித்துக்கொண்டு, ஒன்றுக்கும் இணைப்பு கிடைக்காமல் திண்டாடியதும், அவள் அறை அறையாக ஓடி எல்லாவற்றையும் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டதும் நினைவுக்கு வந்தன. அன்று வேர்க்க விறுவிறுக்கத் தன் காலால் செய்ததைத்தான் இவர்கள் கணக்காக எழுதியிருக்கிறார்கள். இது எப்படி நேற்றுத் தோன்றாமல் போனது? தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“நான் ஒண்ணு...” என்றாள். அதே நொடியில் தாடிக்காரனும் “இன்னொண்ணு...” என்றான். இருவரும் நிறுத்தினார்கள். சற்றுப் பொறுத்து இருவரும் மறுபடி ஒன்றாகவே ஆரம்பித்தார்கள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேடமும் வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவுக்கு முகம் சூடாகியது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

தாடிக்காரன் கட்டுரை சொன்னபடியே ஒதுங்கி நாற்காலியில் சாய்ந்து, உதடுகள் அசைய ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினான்.

“காத்திருக்காம எல்லாரும் ஒண்ணா கேட்டா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன்,” என்றாள் அக்கா. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவன் ஏழில் நின்றிருந்தான்.