சூடாயிருந்த இன்ஜின்

கடை அறிவிப்புப் பலகையில் அந்தச் சீட்டை முதலில் பார்த்தது நான்தான். "ஆறு சக்கரத் தொட்டி வண்டி. பழசு. ஓடும், மிதக்கும். 2500 டாலர். லாவினி, பழைய ரயில் பாதை ரோடு." எழுத்துகள் சாய்ந்து சாய்ந்து போய்க் கடைசியில் காகிதத்தின் ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றன. யாரும் கிழித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று நானே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆறு வருஷம் கழித்து அந்த வருஷம்தான் குலுக்கலில் எங்களுக்கு மூஸ் வேட்டை அனுமதிச் சீட்டு விழுந்திருந்தது. மூஸ் குதிரை உயரக் காட்டு மான், ஒன்று கிடைத்தால் அடுத்த கோடை வரை இறைச்சி வாங்க வேண்டாம். ஆனால் எங்கள் வேட்டைக் குடில் சதுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுத்த மரம் ஒன்று திரும்பி விழுந்து அப்பாவின் இடுப்பை நொறுக்கிவிட்டது. இப்போது உள்ளே இரும்பு. தார் ரோட்டில் நடப்பார். பாசிச் சதுப்பில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். இறங்கிய காலைப் பிடுங்க அவரால் முடியாது. விபத்துக்குப் பிறகு குடிலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சீட்டு விழுந்த அன்றும் அதை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் தூங்கப் போய்விட்டார்.

நிலத்திலும் நீரிலும் போகிற தொட்டி வண்டி இருந்தால் போகலாம். புதிது வாங்க எங்களிடம் வசதி இல்லை. அம்மா ஓர் உறையில் இரண்டாயிரத்து நூறு டாலர் வைத்து அப்பாவிடம் கொடுத்து, "இதுக்கு மேல ஒரு காசு கெடையாது, வெய்க்கோ. அழகா இருக்குன்னு வாங்கிட்டு வந்துடாத" என்றாள். வெய்க்கோ அப்பாவின் பெயர்.

"அழகா இருந்ததுன்னு வாங்கினது உன்னை மட்டும்தான்" என்றார் அப்பா.

பள்ளிக்கூடம் போவதை நான் நிறுத்திய பிறகு அவரோடு எல்லா இடத்துக்கும் போவது என் வேலையாகிவிட்டது. குனிய வேண்டிய இடத்தில் குனிவேன், தூக்க வேண்டியதைத் தூக்குவேன். பேச வேண்டியதை அவர் பேசுவார். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

லாவினி வீட்டுக்கு எங்கள் லாரியில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனோம். பின்பக்கம் ஒரு பெரிய குளம், பீவர் என்கிற நீரெலிகள் அணை கட்டித் தேக்கியது. உயரமான ஓர் அம்மாள் ஆண்கள் போடும் கட்டம் போட்ட சட்டையைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். டெல்ஃபீன் லாவினி. புருஷன் ரோஸேர் வசந்தத்தில் இறந்துவிட்டார் என்று ஃபோனிலேயே சொல்லியிருந்தார்.

"ஃபோன்ல பேசினது நீங்கதானா தம்பி? குரலைக் கேட்டு ரொம்பப் பெரிய ஆளுன்னு நெனச்சேன்."

அப்பா குள்ளம். "சாப்பிடறது எல்லாம் குரலுக்கே போயிடுது, மதாம்" என்றார்.

வண்டி கொட்டகை வாசலில் நின்றது. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்து இப்போது பழைய வெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தது. குளியல் தொட்டிக்கு ஆறு குண்டு டயர் மாட்டின மாதிரி. என் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்து வண்டி. இருக்கையில் ஒட்டுப் பட்டை, வயிற்றில் பழைய ஒட்டு. ஆனால் நேராக நின்றது. ஆறு டயரிலும் காற்று இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் பிடித்துவிட்டது. பிடித்தால் அவர் மூக்கைச் சொறிவார்.

பிறகு மூடியைத் திறந்து உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்தார்.

எங்கள் பக்கத்தில் பழைய இன்ஜின் வாங்கப் போகிற எல்லாரும் முதலில் செய்வது இதுதான். குளிர்ந்திருந்தால் பேச்சு தொடரும். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே கயிற்றை இழுத்து இழுத்துக் கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சூடான இன்ஜின் குழந்தை இழுத்தாலும் கிளம்பும். உறைபனி விழுந்த காலையில், சதுப்பு நடுவில் கிளம்புமா என்பதுதான் விஷயம். ஆகவே சூடான இன்ஜினைக் காட்டுவதும் பொய் சொல்வதும் ஒன்று. ஏன் சூடாக இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொன்ன மாதிரி. வாங்க வந்தவர் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். "யோசிச்சுச் சொல்றோம்" என்பார். அதற்குப் பிறகு திரும்பி வரமாட்டார்.

அப்பா கையை எடுத்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் தண்ணீர் நின்றது. வண்டியின் உடம்பெல்லாம் ஈரம். கழுவினால் ஆயில் ஒழுகும் இடம் தெரியாது, அதுவும் பழைய தந்திரம்தான். மூக்கைச் சொறிந்த கை தொப்பிக்குப் போனது.

"நல்ல வண்டி, மதாம். யோசிச்சுச் சொல்றோம்."

"அதுக்குள்ளயா? ஓட்டிக்கூடப் பாக்கலையே!"

"வேண்டாம், மதாம். சிரமம் வேண்டாம்."

அவர் லாரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். இடுப்பு இழுத்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இது போனால் சீசனுக்குள் வேறு வண்டி கிடைக்காது. சீட்டு சர்க்கரை டப்பாவுக்கு அடியிலேயே கிடந்து வீணாகும். அவர் திரும்பவும் ஒன்றும் பேசாமல் தூங்கப் போவார்.

அப்போதுதான் தொட்டியின் அடியில் நின்ற தண்ணீரைக் கவனித்தேன். குழாய்த் தண்ணீர் அல்ல. தேநீர் நிறத்தில் இருந்தது, சதுப்புத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். அதில் சின்னச் சின்ன இலைகள் மிதந்தன. நடுவில் ஒரு சிவப்புப் பழம், சதுப்பில் விளையும் கிரான்பெரி. வண்டியைக் கழுவுகிறவர்கள் பழத்தை மிதக்க விடுவார்களா? திரும்பி வீட்டைப் பார்த்தேன். படிக்கட்டில் ஒரு வாளி, மேலே ஈரத்துணி.

கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெளியாட்களிடம் பேசும்போது என் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். அப்பா லாரிக் கதவில் கை வைத்துவிட்டார்.

"கிரான்பெரி..." என்றேன். "காலைல பறிச்சீங்களா?"

மதாம் லாவினியின் முகம் மாறிவிட்டது. "ஆமாம்மா! வாளியைப் பாத்துட்டியா? விடியும்போதே போனேன். குளத்துக்கு அந்தாண்ட மெதக்கிற பாசித் திட்டு இருக்கு, நடந்தும் போக முடியாது, படகும் போகாது, இந்தச் சனியன்தான் போகும். வருஷா வருஷம் செப்டம்பர் கடைசில அவர் கூட்டிட்டுப் போவார். விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்னு பாத்தேன். தனியாத்தான் போனேன். குளத்து நடுவுல நின்னுபோச்சு!"

லாரிக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. ஆனால் அப்பா உள்ளே ஏறவில்லை. திரும்பி நடந்து வந்தார்.

"நின்னுபோச்சா?"

"ஒரேயடியா நின்னுடுச்சு, தம்பி. எனக்கு நீச்சல் தெரியாது."

விற்கிறவர் யாரும் இப்படிச் சொல்லி அப்பா கேட்டதில்லை. "அப்புறம் என்ன பண்ணீங்க?"

"திட்டினேன். ரோஸேர் திட்டற மாதிரியே, அதே வார்த்தைங்க. எனக்கு இதெல்லாம் தெரியும்னு எனக்கே தெரியாது. மறுபடி இழுத்தேன், கெளம்பிடுச்சு."

அப்பா சிரித்தார். சிரித்து முடித்ததும் பூட்ஸ் நுனியைப் பார்த்தார். "இது ஆறட்டும், மதாம். நாங்க காத்திருக்கோம்."

"ஏன், சூடா இருந்தா என்னவாம்?"

அப்பா சொன்னார். மதாம் லாவினி வாயைக் கையால் மூடிக்கொண்டார். "அட கடவுளே! நான் ஏமாத்தறேன்னா நெனச்சீங்க?"

"நெனச்சேன்."

"தொப்பியைத் தொட்டீங்க பாருங்க, அப்பவே எனக்குச் சுருக்குன்னுது. ரோஸேரும் வேற யார்கிட்டயாவது வாங்கப் போனா இப்படித்தான் தொட்டுட்டு வந்துடுவார். ஏன்னு ஒரு நாளும் என்கிட்ட சொன்னதில்ல."

சமையலறையில் உட்கார்ந்தோம். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டத்தை ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அப்பா சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காப்பியை அதன் வழியாக உறிஞ்சினார்.

"ஃபின்லாந்துக்காரங்க எல்லாருமே இப்படித்தானா? சர்க்கரையைக் கோப்பைல போட்டா சண்டைக்கு வருமா?"

"கோப்பைல போட்டா காப்பிக்குத்தான் இனிக்கும், மதாம். எனக்கு இனிக்க வேண்டாமா?"

நான் கிரான்பெரி வாளியிலிருந்து இலை, பாசி எல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. கைக்கு வேலை இருந்தால் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்திருப்பது சுலபம். அவர்கள் பேசியதில் பாதி ரோஸேரைப் பற்றி, பாதி இடுப்பு எலும்பைப் பற்றி. மதாம் லாவினிக்கும் ஒரு பக்க இடுப்பில் இரும்பாம். யாருடைய இரும்பு மழைக்கு முன்னால் அதிகம் வலிக்கும் என்று போட்டி நடந்தது.

இரண்டாவது காப்பியும் முடிந்து வெளியே போனபோது இன்ஜின் கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. அப்பா கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். இருமியது, அடங்கியது. நாலாவது இழுப்பில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

"திட்டும்மா" என்றார் மதாம் லாவினி.

எனக்குத் தெரிந்த ஒரே ஒரு கெட்ட வார்த்தையை, ஃபின்னிஷ் மொழியில், மெதுவாகச் சொன்னேன். அப்பா திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வார்த்தைதான் அது. இழுத்தேன். நீலப் புகையை ஒரு கொத்தாகத் துப்பிவிட்டு வண்டி கிளம்பியது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு அப்பா அப்பாவாகிவிட்டார். இன்ஜினை நிறுத்திவிட்டு, குழாயைக் கொண்டுவரச் சொல்லி, தொட்டிக்குள் அச்சு மூழ்கும் வரை தண்ணீர் விட்டார். உள்ளே ஊற்றியது எங்கே ஒழுகி வெளியே வருகிறதோ, அங்கேதான் குளத்துத் தண்ணீர் உள்ளே வரும். நான் தரையில் படுத்து அடியில் பார்த்துச் சொன்னேன். இடது நடுச் சக்கரத்தில் ஒழுகல். வலது கடைசிச் சக்கரத்தில் சொட்டு. வயிற்று ஒட்டில் ஒரு துளிகூட இல்லை. ரோஸேர் நன்றாக ஒட்டியிருந்தார். செயினை விரலால் தூக்கிப் பார்த்தேன், தொய்ந்து தொங்கியது.

"ரெண்டு பேரிங், ஒரு செயின்" என்றார் அப்பா. "நானூறு டாலர் வேலை. ரெண்டாயிரத்து நூறு தர்றேன், மதாம். அதுக்கு மேல என்கிட்ட இல்லன்னும் சொல்லிடறேன்."

"ரெண்டாயிரத்தைந்நூறுக்குக் கீழ குடுக்காதேன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அவர் சொன்னப்போ பேரிங் ஒழுகியிருக்காது."

"ஒழுகியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாரு. அவரை உங்களுக்குத் தெரியாது."

மதாம் லாவினி குளத்தைப் பார்த்தார். பேரம் அவருக்கு வராது, ஆனால் செத்தவர் சொன்னதைக் குறைக்கவும் மனமில்லை. அப்பாவுக்கோ இல்லாத பணத்தைத் தர வழியில்லை. இந்தத் தடவை கை தொப்பிக்குப் போகவில்லை, சட்டைப் பையில் இருந்த உறையைத் தடவிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா," என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "செப்டம்பர் கடைசில நாம எங்கயும் போறதில்லையே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாளி இருந்த பக்கம் பார்த்தார்.

"மதாம், அந்தத் திட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போவீங்களா?"

"ஒரு தடவைதான். இனிமே அதுவும் இல்லையே."

"டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு நான் வர்றேன். நான் ஓட்டறேன், நீங்க பறிங்க. மீதி நானூறு டாலர்ல ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக்கலாம்."

அவர் கண்ணைச் சுருக்கினார். "ஒரு தடவைக்கு எவ்வளவு?"

"பத்து டாலர்."

"நாப்பது வருஷமா! தம்பி, எனக்கு எழுபத்தி மூணு!"

"அதனால என்ன மதாம், அவசரம் யாருக்கு?"

அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் மடித்துவிட்ட சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர்கிட்ட ரெண்டாயிரத்தைந்நூறுக்கே குடுத்துட்டேன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

தொட்டியின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்திருந்த தக்கையை அப்பா பிடுங்கினார். தேநீர் நிறம் வெளுத்துப்போன தண்ணீர் எல்லாம் புல்லில் ஓடியது, அந்த ஒற்றைப் பழமும் அதோடு போனது. மதாம் லாவினி தக்கையை வாங்கி, பழக்கத்தில், சாவியோடு ஒரே தோல் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டார். முடித்த பிறகுதான் அது தன் சாவி இல்லை என்று ஞாபகம் வந்ததுபோல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"தக்கை மொதல்ல. அப்புறம் சாவி. அவர் ஒரு தடவை தக்கை போட மறந்துட்டு நடுக் குளத்துல எறங்கி நீந்தி வந்தாரு. அதுலேர்ந்து ரெண்டையும் சேத்துத்தான் வெப்பாரு."

திரும்பி வரும்போது அப்பா வெகுநேரம் கண்ணாடியில் பின்னால் வருகிற டிரெய்லரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். நான் பையில் கையை விட்டுத் தக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஈரமாக இருந்தது.

"குடில்ல புகைபோக்கியில பறவை கூடு கட்டியிருக்கும்" என்றார் அப்பா திடீரென்று. "அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடி அதைப் பாக்கணும். ஞாபகப்படுத்து."