ஈறோரச் சிவப்பு

1.

ருட்கர் எழுந்தான். கெட்டிலைப் போட்டான். ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சாக்லேட் தூவித் தின்றான். முகம் கழுவினான். பல் தேய்க்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் மழையில் வேலைக்குப் போனான்.

'பல் தேய்க்கவில்லை' என்ற இடத்தில்தான் இந்தக் கதை பிறந்தது. மற்றவை அதைச் சுற்றி எழுதியவை. ருட்கர் நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன், நகரவில்லை. 'அவன்' என்றால் காலையில் எழுந்தாவது விடுகிறான்.

2.

வேறு தொடக்கம்: அவன் மனைவி ஹெஸ்டரின் கண்கள்

[விட்டுவிட்டேன். கண்கள் எல்லோருக்கும் இருக்கின்றன.]

ஹெஸ்டர் பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்தாள். பல்லில் ஊதா வெளிச்சம் பாய்ச்சி, வடிகட்டி வழியாகப் படம் எடுப்பாள். சுத்தமான பல் பச்சையாகத் தெரியும். பல்லில் படிந்த படலம் நாள்பட நாள்படச் சிவப்பாக ஒளிரும்.* புதிய கேமராவை ஒத்திகை பார்க்க, இரண்டு வாரம் தேய்க்காத வாய் ஒன்று வேண்டியிருந்தது.

"என் வாய்தான் கெடச்சுதா?"

"காலங்காத்தால சாக்லேட் திங்கிற வாய் வேற எங்க இருக்கு? இந்த ஊர்லயே அருமையான அழுக்கு உன்னுதுதான்."

"பல் டாக்டரக் கட்டிக்கிட்டவன் கதியப் பாரு."

"டாக்டர் இல்ல, ஆராய்ச்சி. சம்பளம் கம்மி. ரெண்டு வாரம் முத்தமும் கட்."

* எல்லோர் வாயும் சிவக்காது. அவன் வாய் சிவந்தது. திரையைப் பார்த்து அவள் கைதட்டினாள்.

3.

[இங்கே லாரி வர வேண்டும். வலப்பக்கம் திரும்பிய லாரி, நேராகப் போன ஹெஸ்டரின் சைக்கிள். பலமுறை எழுதினேன். இவ்வளவு போதும்.]

அடக்கத்தன்று காபியும் கேக்கும் கொடுத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஊர் வழக்கப்படி கன்னத்தில் மும்மூன்று முத்தம் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அந்த இரண்டு வாரம் அதற்குள் முடிந்திருந்தது.

4.

ஆஃப்கெ, ஹெஸ்டரோடு அதே அறையில் வேலை பார்த்தவள். முதல் வரைவில் அவளை ஆறுதல் சொல்பவளாக எழுதியிருந்தேன். யாரோ போலிருந்தாள். நிஜத்தில் அவள், அவனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கைப் பொத்தினாள்.

"கடவுளே, ருட்கர். குப்பை வண்டி தேவல."

"படம் எடு."

"இது ஒத்திகைதான். எந்தக் கணக்குலயும் சேராது. தெரியும்ல?"

"எடு."

விளக்கை அணைத்தாள். திரையில் அவன் வாய் சிவப்பாக எரிந்தது.

"ஈறு வீங்கி ரத்தம் கசியுது. இப்படியே விட்டா எலும்பு கரையும். அப்புறம் பல்லு ஆடும். நானே சுத்தம் பண்றேன், ஆ காட்டு."

"இதுல பழசு எது?"

"என்ன பழசு?"

"அவ இருந்தப்போ படிஞ்சது."

கொக்கிபோல் வளைந்த கருவி அவள் கையிலேயே நின்றது.

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதுடா." பிறகு திரையில் விரல் வைத்தாள். "ஈறோரமா, ரொம்பச் செவப்பா இருக்குல்ல... அங்க இருக்கலாம்."

கருவியை அவன் மடியில் வைத்தாள்.

"நான் போய்க் காபி எடுத்துட்டு வர்றேன்," என்றாள். அவளுக்குக் காபி பிடிக்காது.

5.

முடிவு அ: ஆஃப்கெ திரும்பி வருகிறாள். அவன் வாயைத் திறக்கிறான். சிவப்பெல்லாம் தொட்டியில் ஓடுகிறது. மறுபடி படம் எடுக்கிறார்கள். எல்லாம் பச்சை.

முடிவு ஆ: வாயை மூடிக்கொண்டு வெளியே போகிறான். ஒவ்வொரு பல்லாக

[வேண்டாம்.]

நான் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். கருவி மடியில் இருக்கிறது. வெளியே நடையில் காபி இயந்திரத்தின் சத்தம் நின்றுவிட்டது. கதவு திறக்கும்போது வாயைத் திறப்பதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள். அதற்கு முன், ஹெஸ்டருடைய கடைசி வார்த்தையைக் கேட்டுவிடுங்கள். அழகாக ஒன்று எழுதிவைத்திருந்தேன். அதை அவள் சொல்லவில்லை. சொன்னது இது. வழியனுப்ப அவன் வாசலுக்குப் போய், முத்தமிடக் குனிந்தான். அவள் கையால் அவன் முகத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

"தள்ளிப் போ, நாறுது. நான் சொல்ற வரைக்கும் தேய்க்காத, என்ன?"