கொக்கி இடம் மாறிய மாதம்

மணி பத்தாகியும் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஹஸ்னியா ஒரு பானை பச்சைப்பயறுக் கஞ்சி காய்ச்சி, தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் விட்டு மூடி வைத்திருந்தாள். மாதம் தவறாமல் பத்தாந்தேதி அவள் வீட்டில்தான் ஊர்ப் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பார்கள், தடுப்பூசி போடுவார்கள்.

நடு உத்தரத்துக் கொக்கியில் தராசு தொங்கியது. தொட்டில் கட்டலாம் என்று அவள் கணவன் அடித்த கொக்கி அது. அடித்த கையோடு மலேசியாவுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போனவன்தான், பதினோரு வருடமாகிறது. தொட்டிலும் வரவில்லை, அவனும் வரவில்லை. மாதத்தில் ஒரு காலை மட்டும் அந்தக் கொக்கியில் பிள்ளைகள் தொங்கி வீறிட்டு அழும். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாள்களை அவள் ஓட்டினாள்.

மருத்துவச்சி மர்லினா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"இந்த மாசமும் யாரும் வரலையாக்கா?"

"சோம்பேறிங்க. கஞ்சி ஊத்துறேன்னாலும் வர மாட்டாளுங்க."

"ரஹ்மியா பையன் இல்ஹாம்? கடைசியா வந்தப்பவே எடை அட்டையில சிகப்புக் கோட்டுக்கிட்ட நின்னான். மூணு மாசமா ஆளையே காணோம்."

ஹஸ்னியா கஞ்சிப் பானையின் மூடியைச் சரிசெய்தாள். காரணம் அவளுக்குத் தெரியாததா என்ன! மூன்று மாதமாக ஊர்ப் பெண்கள் எல்லாரும் கடற்பாசி கட்டப் போகிறார்கள்; அவளும் ஒரு காலத்தில் கட்டியவள்தானே. விடிந்ததும் படகில் வரும் விதைப்பாசியைக் கயிற்றில் கட்டி, அன்றைக்கே கடலில் விடவேண்டும். வெயில் பட்டால் எல்லாம் பாழ். எந்தத் தாய் அதைப் போட்டுவிட்டு வருவாள்? இதைச் சொன்னால் தராசு அவர்கள் பாசி கட்டும் கொட்டகைக்குப் போய்விடும். அந்தப் பயத்தில் மூன்று மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

சிகப்புக் கோடு மட்டும் விழுங்க முடியாமல் நெஞ்சில் நின்றது.

"பாசிக் கொட்டகைக்குப் போவோம்மா," என்றாள் கடைசியில். "அங்கதான் எல்லாரும் இருக்காளுங்க."

"அட, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

ஹஸ்னியா தராசைக் கழற்றி, கஞ்சிப் பானையையும் தூக்கிக்கொண்டாள்.

கொட்டகையில் கை ஓயாமல் பாசி கட்டிக்கொண்டே பெண்கள் சிரித்தார்கள். "பார்றீ, தராசே நம்மளத் தேடி வந்துடுச்சு!" மூங்கில் கழியில் கயிறு போட்டுத் தராசைத் தொங்கவிட்டார்கள். முப்பத்தொரு பிள்ளைகள். ஹஸ்னியா கனவிலும் காணாத கூட்டம். ஒரு கையால் பாசி, மறு கையால் பிள்ளை என்று நீட்டினார்கள். பானை அரை மணியில் காலி.

இல்ஹாமைத் தூக்கியபோதே அவளுக்குக் கை சொல்லிவிட்டது, பிள்ளையில் கனமே இல்லை. எடை சிகப்புக் கோட்டுக்கு வெகு கீழே நின்றது. பாதமெல்லாம் வீங்கியிருந்தது.

"இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்," என்றாள் மர்லினா. "இப்பவாவது பாத்தோமே. தேறிடுவான்."

ரஹ்மியா பாசிக்கயிற்றைக் கீழே போட்டாள். "ரெண்டு மாசமா சரியாவே சாப்பிடலக்கா. எங்க போய் யாரக் கேக்குறதுன்னு தெரியல. நீ முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

ரஹ்மியா குற்றமாகக் கேட்கவில்லை. அதனாலேயே ஹஸ்னியாவுக்குத் தாங்கவில்லை. "வந்திருக்கணும்டி," என்றாள். "தப்பு என்னோடதுதான்."

இனி மாதாமாதம் இங்கேதான் என்று பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். மர்லினா மூங்கிலை அண்ணாந்து பார்த்தாள். "கயிறு ஆடுது, எடை தப்பா காட்டும். ஒரு நல்ல கொக்கி மட்டும் கெடச்சா போதும்."

"எங்க வீட்ல இருக்கு," என்றாள் ஹஸ்னியா.

வீட்டுக்கு வந்து முக்காலி போட்டு ஏறினாள். பதினோரு வருடத் துரு, லேசில் விடவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டி, நெம்பி எடுத்தாள். உத்தரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை மிஞ்சியது. கொக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு, கதவைச் சாத்தாமலே கொட்டகைக்கு நடந்தாள்.